பிடிமண்

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கும்ப மாதம் பிறந்தால் நம் கிழக்கேகோட்டையின் நிறமே மாறிவிடும். சாலைக் கடைத்தெரு முகப்பிலிருந்து அட்டக்குளங்கரை வரை நடைபாதையெல்லாம் செம்மண் நிறம். ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலைக்கான பானைகள் லாரியில் வந்து இறங்கி, வைக்கோலோடு குவிந்து கிடக்கும். அவற்றில் நிறையப் பானைகள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தென் தமிழ்நாட்டுச் சூளைகளிலிருந்து வருபவை. விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், திருநெல்வேலித் தமிழ் காதில் விழும்.

ஒரு வருஷம் பொங்காலைக்கு நாலு நாள் முன்னால் நானும் பானை வாங்கப் போயிருந்தேன். அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் அந்த வருஷம் எனக்குப் பொங்கல் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்காகப் போனேன். நல்ல நிறமாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். விற்ற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். என் கையிலிருந்து அதை வாங்கி, வாய் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, நடுவிரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கேட்டியளாக்கா? சத்தம் செத்திருக்கு. இது வேண்டாம், வையுங்க."

எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவள் பானையைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் தண்ணீர் தொட்டுத் தடவினாள். ஈரத்தை மண் உறிஞ்ச உறிஞ்ச, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மெல்லத் தெளிந்து வந்தது. "அடுப்புல ஏத்துனா அரிசி வேகுறதுக்கு முன்னால விட்டுரும்" என்றாள். இன்னொன்றை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது. அதைக் கொடுத்தாள்.

பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை வந்துவிட்டேன். அங்கே தேங்காய் உடைந்துகொண்டே இருந்தது. சத்தம் செத்திருக்கு என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. அந்த எட்டு மாதமும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் "தேறிட்டீங்களே" என்றுதான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வெளியே பார்க்க நிறம் நன்றாகத்தான் இருந்தது.

சுடுமண் சிற்பமும் மனத்துயர் ஆறுதலும் என்பது இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. முப்பது வருஷமாக மண்ணில் உருவம் செய்கிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். மண்ணைப் பிசைந்தால் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பிசைந்த மண் ஓர் உருவமாக வேண்டும். அந்த உருவம் நம் கையை விட்டு வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தை இன்றைய வகுப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நம் கிராமங்கள் அதிலிருந்துதான் தொடங்கின.

முதலில் பிசைவதைப் பற்றி. அமெரிக்காவில் எலிசபெத் கிம்போர்ட், ஸ்டீவன் ராபின்ஸ் என்ற இருவர் 102 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. முதலில் எல்லாருடைய மனநிலையையும் கொஞ்சம் கலங்க வைத்தார்கள். பிறகு சிலர் கையில் களிமண்ணைக் கொடுத்தார்கள். சிலர் கையில் பதற்றம் தணிய அழுத்துவார்களே, அந்த மெத்தென்ற பந்து. மண்ணை எடுத்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். காரணத்தை என் கைக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பந்தை எவ்வளவு அழுத்தினாலும் விட்டதும் பழையபடி உப்பிவிடும். நீங்கள் அழுத்தினீர்கள் என்பதற்கு ஒரு தடயமும் இராது. மண்ணில் கட்டைவிரல் பட்ட குழி அப்படியே நிற்கும். மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்பார்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். களிமண்ணின் துகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தட்டு, அழுத்தியபடி அடுக்காகி நிற்கும். ஒரு மண் பலகை தெரியாமல் வளைந்துபோனால், நிமிர்த்திச் சமமாக வைத்துவிடலாம். ஆனால் காயும்போதும் சூளையிலும் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

2017இல் ஹாங்காங்கிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. ஜோஷுவா நான், ரெயின்போ ஹோ இருவரும் செய்தது. மனச்சோர்வு நோய்க்காக மருத்துவமனைக்கு வந்துபோகும் 106 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு நாள், இரண்டரை மணி நேரம், ஆறு வாரம் மண் வேலை. நல்ல பலன் தெரிந்தது. அவர்கள் மருத்துவரிடம் சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மண்ணெடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆய்வுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நாம் ஆற்றுக்காலுக்குப் போவோம்.

மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் கண்ணகி இங்கே தங்கினாள் என்பது ஐதீகம். திருவிழாவின் பத்து நாளும் தோற்றம்பாட்டில் அவள் கதையைப் பாடுகிறார்கள். ஒன்பதாம் நாள் பாண்டியன் வதம் பாடி முடிந்த பிறகுதான் பொங்காலை அடுப்பில் தீ ஏறும். கோயிலுக்குள் ஏற்றிய சுடர் முதன்மை அடுப்பான பண்டார அடுப்புக்கு வந்து, அங்கிருந்து அடுப்பு அடுப்பாகக் கைமாறி ஊரெல்லாம் பரவும். 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிந்தார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அந்த வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. புருஷனை அநியாயமாகப் பறிகொடுத்த ஒருத்தியின் ஆத்திரம் முழுவதையும் முதலில் பாடி முடிக்கிறார்கள், சமாதானம் சொல்லி நடுவில் நிறுத்தவில்லை. அது முடிந்த பிறகு ஒவ்வொரு பெண்ணும் ஒரு மண்கலத்தின் முன்னால் உட்கார்ந்து, அது பொங்கி வழியக் காத்திருக்கிறாள்.

பொங்கும் நேரத்தில் அழுகிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் புகை. யாருடைய கண்ணும் சிவந்துதான் இருக்கும். ஏன் அழுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். வீட்டில் அழ முடியாதவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் இந்த ஊர் நடுரோட்டில் இடம் கொடுக்கிறது. பானை வீட்டுக்குப் போகும். அடுப்புக்கு வைத்த செங்கல்லை மாநகராட்சி சேகரித்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறது. அந்தக் கண்ணீரைப் பார்த்த கற்கள் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குள் இருக்கின்றன.

துக்கமும் குயவரும் நம் மொழியில் மிகப் பழைய உறவு. புறநானூற்றின் 256ஆவது பாடலை நினைத்துப் பாருங்கள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. கணவனை இழந்த பெண் பேசுகிறாள். வழியெல்லாம் அவனோடு ஒட்டிக்கொண்டே வந்தவள். அவனுக்குச் செய்கிற தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிறாள். யாரிடம் கேட்கிறாள்? ஊரும் உறவும் சுற்றி இருந்திருக்கும், தெய்வமும் இருந்தது. அவள் பேசியது தாழி செய்கிறவரிடம். பாடலில் அவர் பதில் சொல்வதில்லை. அவர் கை ஒரு கணம் சக்கரத்தின் மேல் நின்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வாழ்க்கையின் மிக மோசமான நாளில் ஒருத்தி, கேட்கத் தகுந்தவர் என்று நம்பித் தேர்ந்தெடுத்தது மண்ணில் கைவைத்த ஒரு மனிதரை.

அந்தத் தாழிகள் இன்றும் இருக்கின்றன. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நூறு ஆண்டு கழித்து, 2004இல் மறுபடி தோண்டியபோது 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் மண்ணைத் தனியாக உருட்டி ஒட்டிச் செய்த உருவங்கள் இருக்கின்றன. ஒரு பெண், பக்கத்தில் ஒரு கொக்கு, ஒரு மான், விளைந்து நிற்கும் பயிர். இடுகாட்டுக்குப் போகிற மண்ணில் யாரோ ஒருவர் பயிரை ஒட்டி வைத்திருக்கிறார். பயிரின் தாள் ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் உருட்டித்தான் ஒட்டியிருக்க முடியும். அந்தப் பொறுமையைத்தான் நான் ஆறுதல் என்று சொல்கிறேன்.

இனிப் பிடிமண்ணுக்கு வருகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நமணசமுத்திரத்தில் பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். புரவி எடுப்பு என்று திருவிழாவுக்குப் பெயர். அது ஒரு பிடி மண்ணில் தொடங்குகிறது. ஊரார் கூடி, மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கோடு குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவர் வேலையைத் தொடங்கலாம். பல கோயில்களில் அவரேதான் பூசாரியும்.

குதிரை நாலு காலில் தொடங்கும். மணலும் வைக்கோலும் கலந்து மிதித்த மண்ணை உருளையாக, உள்ளே கூடு விட்டு எழுப்புவார்கள். கால் காய்ந்து பாரம் தாங்கும் அளவுக்கு இறுகினால்தான் வயிறு ஏறும். வயிறு இறுகினால்தான் கழுத்து. அவசரப்பட்டால் குதிரை தன் பாரத்திலேயே உட்கார்ந்துவிடும். கடைசியில் கண் திறப்பார்கள். பிறகு ஊர் கூடித் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடும்.

வந்துவிடும் என்பதுதான் முக்கியம். பிள்ளை பிழைத்ததற்கு, காணாமல் போன மாடு கிடைத்ததற்கு, கால்வலி தீர வேண்டுவதற்கு என்று வைத்த உருவங்கள் அவை. பெரிய குதிரைக்கு வசதியில்லாதவர்கள் ஒரு மண் கையோ காலோ குழந்தையோ வைப்பார்கள். வைத்த பிறகு மழை, வெயில், கரையான். குதிரையின் காது உதிரும், வால் உதிரும். யாரும் ஒட்டுப் போடுவதில்லை. உடைந்த கிண்ணத்தைப் பொன்பூசி ஒட்டுகிற ஜப்பானியர் வழக்கத்தை இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அழகான வழக்கம்தான். நம் ஊர்க் குதிரைகள் உடைந்தபடியே மண்ணாகின்றன. பக்கத்திலேயே புதுக்குதிரை வந்து நிற்கிறது. நேர்த்திக்கடன் என்ற சொல்லுக்குள் கடன் இருப்பதைக் கவனியுங்கள். கடன் தீரக்கூடியது. தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வரலாம்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். நான் இதையெல்லாம் அறிந்தவள்தான். ஆனாலும் எனக்கென்று வந்தபோது அவசரப்பட்டேன்.

அம்மாவைத் தைக்காடு சாந்திகவாடத்தில் தகனம் செய்தோம். அண்ணன் தோளில் குடத்தோடு மூன்று சுற்று வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை போட்டார்கள், தண்ணீர் அவன் முதுகில் பீய்ச்சி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டான். உடைந்தது. அண்ணன் அங்கேயே கதறிவிட்டான். நான் இருந்த இடத்தில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பானைக்காரப் பெண் தட்டிக் காட்டிய அன்றும் வரவில்லை.

அதற்கடுத்த இடவப்பாதி மழையில் அம்மாவைச் செய்ய உட்கார்ந்தேன். முகம் வரவே இல்லை. கை திரும்பத் திரும்ப ஒரு வளைவைச் செய்தது. நாலாம் நாள்தான் அது என்னவென்று புரிந்தது. அம்மாவின் முதுகு. சின்ன வயதில் நான் கண்விழிக்கும்போது அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிவது முதுகு மட்டும். வலது தோள்பட்டை முன்னால் போகும்போது ரவிக்கைக்குக் கீழே ஓர் எலும்பு எழுந்து அமரும். அதைச் செய்தேன். அந்த எலும்பை மட்டும் இரண்டு நாள் செய்தேன்.

மழைக்காலத்தில் ஒரு கை கனமுள்ள மண் காய மூன்று வாரமாவது வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது, இருந்தால் உள்ளே ஈரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். எட்டாம் நாள் சூளையில் வைத்தேன். முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. மாலையில் டப்பென்று ஒரு சத்தம். நூறு டிகிரியில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, வெளியேற வழியில்லாவிட்டால் மண்ணைப் பிளக்கிறது. காரணம் முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன? சூளை வாசலில் உட்கார்ந்து, அண்ணன் மயானத்தில் அழுதானே, அதே அழுகையை ஒரு வருஷம் தள்ளி அழுதேன்.

ஓடுகளை ஒரு பேசினில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பல மாதம் அங்கேயே இருந்தது. பிறகு ஒரு நாள் எடுத்து உரலில் போட்டு இடித்தேன். இது சூளைக்காரர்களின் பழைய வழக்கம். வெந்த ஓட்டை இடித்துச் சலித்துப் பச்சை மண்ணில் கலந்தால் காயும்போது சுருக்கம் குறையும், விரிசல் விழாது, ஆவி வெளியேற வழி கிடைக்கும். உடைந்தது கலக்காத மண்ணைவிட உடைந்தது கலந்த மண் சூளையை நன்றாகத் தாங்கும். அந்த மண்ணில் அம்மாவின் முதுகை மறுபடி செய்தேன். இந்தத் தடவை ஐந்து வாரம் காய விட்டேன். கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். அதில் முதல் தடவை இருந்த நுணுக்கம் இல்லை, எலும்பு கூடச் சரியாக எழவில்லை. ஆனாலும் அதுதான் வெந்து வந்தது.

கொஞ்ச நாள் வரவேற்பறையில் வைத்திருந்தேன். வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நாகர்கோவிலில் தங்கை வீட்டுக் கொல்லையில் அம்மாவின் அம்மி கிடக்கிறது, இப்போது யாரும் அரைப்பதில்லை. அதன் பக்கத்தில் கொண்டுபோய், முதுகு வீட்டைப் பார்க்கும்படி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது கை கனமில்லாமல் இருந்தது.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன், ஒரு வாரமாக யாருக்கும் காட்டாமல் ஏதோ செய்துகொண்டிருந்தான். நான் ஆசையாகக் குனிந்து "என்னப்பா இது?" என்று கேட்டேன். ஒரே அமுக்கில் உருண்டையாக்கிவிட்டான். அன்றைக்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இதை அறிந்தவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை பால் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த கலைஞர் பால் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே தோட்டத்துக்கு வந்தார்கள். மண், வண்ணம், கதை, நாடகம் என்று அவர்களுக்குப் பிடித்ததில் கைவைக்க விட்டார்கள். நடந்ததைச் சொல் என்று ஒரு பிள்ளையை உட்கார்த்திவைத்துக் கேட்பது எளிது. அது தன் போக்கில் கை அளைய ஒரு நிழலும் நேரமும் கொடுப்பதற்குத்தான் பெரிய மனசு வேண்டும். குண்டுச் சத்தத்துக்கு நடுவே அதைக் கொடுத்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

கோபத்துக்கும் மண் இடம் கொடுக்கும். கேரளத்தின் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கலைஞர் கே.ஜி. சுப்பிரமணியன் 1971இல் வங்கதேசப் போரின் கொடுமையைக் கேட்டுச் சுடுமண் புடைப்புப் பலகைகள் செய்தார். பதக்கம் குத்திய தளபதிகள், சிதைந்த உடல்கள். மண்ணைக் கிழித்தும் குத்தியும் செய்தவை. அமைதிக்கும் இடமுண்டு. நம் திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் படித்து, போபால் பாரத் பவனுக்குப் போன ஜி. ரெகுவின் உருவங்களைப் பார்த்திருக்கிறீர்களா? உயர்சூட்டில் வெந்த கிராமத்து மனிதர்கள், குழந்தைகள். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நம் மூச்சும் நிதானமாகும்.

2014இல் லண்டன் கோட்டை அகழியில் பால் கம்மின்ஸ் என்ற மண்கலைஞர் தலைமையில் 8,88,246 பீங்கான் பூக்களை நட்டார்கள். முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டன், அதன் காலனி நாடுகளின் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ. முடிந்ததும் பெரும்பாலான பூக்கள் தனித்தனியாகப் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தன. நூறு ஆண்டு துக்கத்தை ஊர் கூடி ஓர் இடத்தில் வைத்து, பிறகு பங்கிட்டுக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்குப் புரவி எடுப்புதான் நினைவுக்கு வந்தது.

பேச்சு போதும் என்று நினைக்கிறேன். இந்த அறையின் பின்பக்கம் இரண்டு சாக்கில் மண் இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்துக் குளத்து மண். நேற்றே மிதித்து, கல் பொறுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். வெற்றிலையும் வாங்கி வைத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். செய்ததை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஜன்னல் ஓரப் பலகையில் வைக்கலாம். காய்வதற்கு ஒரு மாதம் கொடுத்து, என் சூளையில் நானே சுடுகிறேன். கை கழுவ வெளியே குழாயடியில் வாளி இருக்கிறது.